இராசா ஏறினால்தான் கோச்சி

கரம்பொனில் தண்டவாளம் இல்லை, ஒருகாலமும் இருந்ததில்லை. ஆகவே அரசர்கள் கோச்சியில் எழுந்தருளும் சிறப்பைக் கரம்பொனான் ஒருவன் புகழ்ந்து எழுதினால், அதில் தன்னலம் கலந்திருக்கிறதென்று ஒருவரும் சொல்ல முடியாது. எங்களுக்குக் கிட்டின ஸ்ரேசன் யாழ்ப்பாணம். வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைக் கடல் எல்லாம் தாண்டி பஸ்ஸில் ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தால் அங்கே கோச்சி நிற்கும், அல்லது போயிருக்கும். இப்படித் தள்ளி இருப்பவனுக்குத்தான் அரச வைபவத்தின் அழகு முழுதாகத் தெரியும். கிட்ட நிற்பவனுக்குக் கொடி மறைக்கும்.

அரச சேவை எங்களுக்குப் புதிதும் அல்ல. பக்கத்து ஊர்காவற்றுறைத் துறையில் ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டு யானைகளைக் கப்பலேற்றி விற்றார்கள். இந்தியக் கரையில் எத்தனையோ சிற்றரசர்கள் வீற்றிருந்த முதுகுகள் எங்கள் கரையால்தான் ஏறிப் போயின. யானைக்கு வழிவிட்டு வேலியோரம் ஒதுங்கி நின்ற சனத்தின் பிள்ளைகள் நாங்கள். பெரியவர்கள் போகும்போது எவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை எங்களுக்குப் பொலிசார் வந்து சொல்லித்தர வேண்டிய தேவை இல்லை.

நாட்டுப்புற ஸ்ரேசன் ஒன்று அரசரை வரவேற்பதற்கு இலக்கணம் வகுத்த ஊர் மணியாச்சி. திருநெல்வேலிச் சீமையில், தூத்துக்குடியிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவில், கரிசல் காட்டுக்கு நடுவில் தண்டவாளம் பிரிகிற இடம் அது. 1875 டிசம்பரில் விக்ரோறியா மகாராணியின் மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வேட் ஆன வேல்ஸ் இளவரசர், முதலில் எங்கள் தீவுக்குத்தான் வந்தார். கொழும்பிலிருந்து கண்டிக்குக் கோச்சியில் போனார், யானை சுட்டார், கொழும்புத் துறைமுகத்து அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். இலங்கைத் தீவைப் பற்றி ஓர் இளவரசர் அறிய வேண்டியது இவ்வளவும்தான் என்பதால், யாழ்ப்பாணத்தின் பக்கம் திரும்பிப் பாராமலே கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கினார். அவருடைய நேரத்தின் அருமையை நாங்கள் அன்றே உணர்ந்துகொண்டோம்.

தூத்துக்குடிக்கு அப்போது தண்டவாளம் புத்தம் புதிது. சனங்களுக்கு அந்தத் தடம் முறைப்படி திறந்தது 1876இல். இளவரசரோ 1875 டிசம்பரிலேயே அதில் போய்விட்டார். தண்டவாளத்துக்குத் தாலி கட்டு முன்னரே மாப்பிள்ளை ஊர்வலம் முடிந்துவிட்டது என்று குறும்பர்கள் சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். புதுத் தடம் தாங்குமோ தாங்காதோ என்று சோதித்துப் பார்க்க, சாதாரண உயிர்களைப் பணயம் வைக்காமல் முடிக்குரிய தம் உயிரையே வைத்தார் பாருங்கள், அந்தத் தியாகத்தை யார் எழுதினார்கள்?

மணியாச்சியில் திருநெல்வேலிக் கிறிஸ்தவ சனம் ஆயிரக்கணக்கில் கூடி நின்றது. பாதிரிமாரான கால்டுவெல்லும் சார்ஜெண்டும் முன்னுக்கு நின்றார்கள். வரவேற்பு மடல் கொடுத்தார்கள், தமிழ் விவிலியம் கொடுத்தார்கள், பாட்டும் இருந்தது. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அந்த நூலின் இரண்டாம் பதிப்பு வந்ததும் அதே 1875இல். தமிழின் வேரைத் தோண்டிப் பார்த்த பெரிய மனிதர், தமிழில் ஒரு சொல்லும் அறியாத ஒருவரிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கையளித்துவிட்டு வழியனுப்பி வைத்தார். கொடை என்றால் இப்படி இருக்க வேண்டும். வாங்குபவர் வாசிப்பார் என்ற எதிர்பார்ப்புக்கூட இல்லாத கொடை. எங்கள் கரம்பொனில் 1913இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பின்னாளில் அந்தச் சீமையில்தான் இருந்தார். வடக்கன்குளத்தில் ஆசிரியராகவும், தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் நடத்தியும் அலைந்த நாட்களில் மணியாச்சியால் எத்தனை தரம் போய் வந்திருப்பாரோ. அவருக்கு அங்கே யாரும் பந்தல் போட்டிருக்க மாட்டார்கள். அவர் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அல்லவா, பந்தல் எதற்கு?

இளவரசர் வந்துபோன அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. 1876 தொடங்கி 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தண்டவாளங்கள் அப்போதும் சோம்பிக் கிடக்கவில்லை. தானியத்தை ஏற்றிக்கொண்டு, விலை நன்றாக இருக்கிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. நிவாரண வேலைக்குப் போன சனத்துக்கு ஒரு நாளைக்கு ஓர் இறாத்தல் தானியமும் சில்லறையும் போதும் என்று அறிவார்ந்த அதிகாரி ஒருவர் அளந்து கொடுத்தார். 1877 ஜனவரி முதலாம் திகதி டில்லியில் இளவரசரின் தாயார் இந்தியாவின் பேரரசி என்று தர்பார் கூட்டி அறிவிக்கப்பட்டார். சாகிற சனமென்றாலும் ஒரு பேரரசியின் குடிமக்களாகச் சாகட்டும் என்ற பெருந்தன்மை அது. சாகாமல் தப்பிய பலர் கோப்பித் தோட்டங்களில் கூலி வேலை தேடி மன்னார்ப் பக்கமாக எங்கள் தீவுக்கு வந்தார்கள். காட்டு வழியே நடந்து வந்தார்கள். கோச்சிக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. இளவரசரை ஏற்றி இறக்கிய களைப்புத்தான்.

மணியாச்சிச் சனத்தின் நன்றிகெட்டதனத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பெரிய வைபவம் நடந்த ஸ்ரேசனுக்கு அந்த இளவரசரின் பெயரை வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 1911 ஜூன் 17ஆம் திகதி, அந்த இளவரசரின் மகன் ஐந்தாம் ஜோர்ஜ் முடிசூட ஐந்து நாள் இருக்கும்போது, முதலாம் வகுப்புப் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் அதே ஸ்ரேசனில் சுட்டார். தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப்பைக் கடிதத்திலும் ஜோர்ஜைத்தான் விசாரித்திருந்தார். இன்றைக்கு அந்த ஸ்ரேசனின் பெயர் வாஞ்சி மணியாச்சி. விவிலியமும் பாட்டுமாக வரவேற்ற நாளை விட்டுவிட்டு, இரண்டு வெடிச் சத்தத்தை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சனத்தின் காது எப்போதும் அப்படித்தான்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்துக் கோச்சியின் குறை என்னவென்றால், அது அரச பாதம் படாமல் பிறந்தது. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் 21 மைல் ஓடத் தொடங்கியது. 1905 ஓகஸ்ட் தொடக்கத்தில் கொழும்பு வரைக்கும் தண்டவாளம் இணைந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி இலங்கைக்கு வந்தபோது அநுராதபுரம் வரைக்கும் வந்தார். அதற்கு மேலே தண்டவாளம் இருந்தும் வரவில்லை. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதில் ஏறியவர்கள் யார்? தெற்கே கடை வைத்திருந்த தீவார், கந்தோர்க் கிளாக்குமார், படிக்கப் போகும் பெடியள், பேறுகாலத்துக்குத் தாய்வீடு திரும்பும் பெட்டைகள். இரவுக் கோச்சியான இராமெயிலின் சாமான் தட்டைப் பார்த்திருந்தால் எந்த இராசாவும் முகத்தைத் திருப்பியிருப்பார்: பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல் பெட்டி, கடதாசியில் சுற்றி அதற்குமேல் துணியில் சுற்றினாலும் மணக்கிற கருவாடு, வாயைக் கயிறு போட்டுக் கட்டின முருங்கைக்காய்ச் சாக்கு. அநுராதபுரம் தாண்டி யாராவது ஒருவர் சோற்றுப் பார்சலை அவிழ்த்தால் பெட்டி முழுக்கப் புளிக்குழம்பு வாசம். தடித்த மட்டை ரிக்கற்றைக் கையில் பிடித்தபடி நித்திரையாகி, பரிசோதகர் வந்து தட்டினால் நித்திரையிலேயே நீட்டுவார்கள். இப்படிச் சனம் ஏறி இறங்கியே அழுக்காக்கிய கோச்சி அது. எண்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியும் ஒருவரும் அதற்குச் செங்கம்பளம் விரிக்கவில்லை. அதனால் நாங்களும் அதை ஒரு பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை. காலையில் வெயில் வருவதுபோலக் கோச்சி வரும் என்று நினைத்துவிட்டோம்.

அந்த அலட்சியத்துக்குத் தண்டனையும் கிடைத்தது. 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ்தேவி குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. சிப்பாய்களோடு சாதாரண சனமும் செத்தது. 1990 ஜூனில் கோச்சி அடியோடு நின்றது. அதற்குப் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. இந்த ஒரு விஷயத்தில் போரிட்ட இரண்டு பக்கமும் காட்டிய ஒற்றுமையை நாட்டின் எந்தச் சமாதானப் பேச்சிலும் காண முடியவில்லை. இயக்கப் பெடியளும் கழற்றினார்கள், ஆமியும் கழற்றியது. யாருடைய பங்கர் உறுதியானது என்று கேட்டால், இரண்டும் ஒரே தண்டவாளம்தான். பிரித்தானியச் சாம்ராச்சியத்தின் இரும்பு எவ்வளவு தரமானது என்பதை இந்த நாட்டில் எல்லாத் தரப்பும் மண்ணுக்குக் கீழே இருந்து பரிசோதித்துச் சான்று கொடுத்தார்கள்.

தண்டவாளம் இல்லாத இருபத்துநான்கு வருடத்தில் சனம் எப்படிப் போய் வந்தது என்று மகாராசாக்களுக்கு ஒருவரும் சொல்லிக் கவலைப்படுத்தவில்லை, நல்ல காரியம். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி ஊர்களே பெட்டி படுக்கையோடு பெயர்ந்தன. ஆனையிறவுப் பாதை பூட்டிக் கிடக்க, பளைக்குக் கிட்டவுள்ள கிளாலியில் இரவோடு இரவாக வள்ளம் ஏறி வன்னிக்குக் கடந்தார்கள். விளக்கு இல்லை, பீடி பற்றவைக்கக்கூடாது, குழந்தை அழக்கூடாது. அரசர் வந்தால் பன்னீர் தெளிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. கிளாலிக்கு வந்த சனத்துக்குக் கடற்படை சன்னம் தெளித்தது. 2006இலிருந்து பாதை மறுபடியும் பூட்டுப்பட, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட கிளியரன்ஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். இதெல்லாம் பழங்கதை.

2014 ஒக்டோபர் 13ஆம் திகதிதான் எங்கள் கோச்சியின் சாபம் தீர்ந்தது. அன்றைக்கு மகிந்த ராஜபக்ச பளையிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் யாழ்தேவியில் எழுந்தருளினார். அவர் இராசாவா, சனாதிபதி அல்லவா என்று கேட்கிற நுணுக்கர்களுக்கு ஒரு விளக்கம். 2009க்குப் பிறகு அவரை மகாராசா என்று விளித்துச் சிங்களத்தில் பாட்டே வந்தது. இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வேலியை 2010இல் பதினெட்டாம் திருத்தத்தால் பிடுங்கியும் எறிந்தாயிற்று. முடி ஒன்றுதான் குறை. அதற்கும் தலையில் இடம் இருந்தது.

அவருடைய பயணத்தின் ஒவ்வோர் அம்சமும் புகழத்தக்கது. முதலில் தூரம். பளையிலிருந்து யாழ்ப்பாணம் நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவு. கொழும்பிலிருந்தே ஏறி எட்டு மணித்தியாலம் இருந்து வந்திருந்தால், இடையில் வவுனியாவும் மாங்குளமும் கிளிநொச்சியும் சன்னலில் தெரிந்திருக்கும். பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்து மனம் நொந்திருக்கும். கடைசித் துண்டை மட்டும் தெரிந்தெடுத்து ஏறிய அந்தச் சிக்கனம் எல்லா அரசர்களுக்கும் வராது. கிளாலிக்கரைச் சனம் இருட்டில் வள்ளம் ஏறிய இடத்துக்குக் கிட்டவே அவரும் கோச்சி ஏறினார் என்பது வெறும் தற்செயல்தான். ஆனால் வெளிச்சத்தில் ஏறினார்.

பிறகு கொடை. பளை வரைக்கும் ஓமந்தையிலிருந்து 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறைக்கு 56 கிலோமீற்றர், அந்தப் பக்கம் மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் நூற்றுச் சொச்சம். எல்லாவற்றையும் இந்திய அரச நிறுவனமான இர்கொன் போட்டுக் கொடுத்தது. அதற்கு இந்தியா கொடுத்தது 80 கோடி அமெரிக்க டொலர் அளவில் கடன். கடன் என்றால் வட்டியோடு திருப்பிக் கொடுப்பது. திருப்பிக் கொடுக்கப் போவது யார் என்று உங்களுக்கே தெரியும், சீனியும் மண்ணெண்ணெயும் வாங்குகிற எல்லோரும்தான். ஆக, டில்லி கடன் தந்தது, இந்தியக்காரன் வேலை செய்தான், நாங்கள் கட்டுகிறோம், மகாராசா தந்தார். தானத்தில் இவ்வளவு நுட்பமான தானம் கர்ணனுக்குக்கூட வாய்க்கவில்லை. அவன் பாவம், தன்னுடைய கவசத்தையே கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே வடக்குப் பயணத்தில் கிளிநொச்சியில் இன்னொரு கொடையும் நடந்தது. புலிகளின் வங்கியில் சனம் அடகு வைத்திருந்த நகைகள் போர் முடிவில் இராணுவத்தின் கைக்கு வந்திருந்தன. அதில் ஒரு பகுதியை மகாராசா உரியவர்களுக்குத் திருப்பிக் கையளித்தார். சொந்தச் சங்கிலியை ஐந்து வருடத்துக்குப் பிறகு மேடையில் ஏறி, கும்பிட்டு, படம் எடுத்து வாங்குகிற பேறு எல்லோருக்கும் கிடையாது. வீட்டு அலுமாரியில் வைத்திருந்து கழுத்தில் போடுகிறவர்கள் இந்த மகிமையைக் கனவிலும் அறிய மாட்டார்கள்.

கூட்டம் சேர்ந்து கோச்சி நெரிசல்படக்கூடாதே என்ற கரிசனையும் இருந்தது. அதே ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்கே வருவதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி வந்தது. கரம்பொனில் பாதிப் பேர் இப்போது ரொறன்ரோவிலும் பரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். யாழ்தேவி திரும்ப ஓடுகிறதாம் என்று கேள்விப்பட்டு, பழைய ஞாபகத்தில் கொழும்புக் கோட்டையில் கோச்சி ஏறலாம் என்று ஆசைப்பட்டவர்களுக்கு, முதலில் விண்ணப்பம் போடும்படி அன்பாகச் சொல்லப்பட்டது. தண்டவாளத்தைத் திறந்து வைத்த கையோடு ஆட்களைப் பூட்டி வைத்ததென்று சிலர் முணுமுணுத்தார்கள். அது அப்படி அல்ல. தண்டவாளம் புதிது, கனம் தாங்குமோ என்ற பயம்.

யாழ்ப்பாண ஸ்ரேசன் அன்றைக்கு வடிவாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. வெடி பட்டுக் கூரையில்லாமல் கிடந்த கட்டடத்தைப் பழைய முகப்பின் சாயலிலேயே கட்டி எழுப்பியிருந்தார்கள். ஆனால் ஸ்ரேசன் என்பது சனம் காத்து நிற்கிற இடம். இப்படி மினுங்கினால் காத்து நிற்கிறவன் எங்கே வெற்றிலை துப்புவது? இந்தச் சிக்கலை உணர்ந்துதான், பெரியவர்கள் வருகிற நாட்களில் சனத்தைத் தெருவிலேயே மறித்து வைத்துவிடுகிறார்கள். ஸ்ரேசன் வீதியால் பெரியவர் போய் முடியும் மட்டும் சைக்கிளோடும் சுருட்டோடும் வேலியோரம் நிற்கிற நேரத்தில் அக்கம்பக்கத்தாரோடு ஊர்க்கதை கதைக்கலாம். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிரையாக விடுவதும் நல்ல ஏற்பாடு; கணக்குப் பாடம் போனாலும் பொறுமை என்ற பாடம் வந்துவிடும். நிறைகுடம், குத்துவிளக்கு, வாழைமரம், தவில் நாதஸ்வரம் எல்லாம் எங்களிடமிருந்து. ஒலிவாங்கி மட்டும் அவர்களிடமிருந்து.

கோச்சி வந்து ஐந்து கிழமையில், நவம்பர் 20ஆம் திகதி, தேர்தல் அறிவித்தார்கள். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவருடைய தவணை முடிய இன்னும் இரண்டு வருடம் கிடந்தது. அவ்வளவு காலம் சனத்தைத் தேர்தல் இல்லாமல் தவிக்க விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். 2015 ஜனவரி 2ஆம் திகதி தண்டவாளம் காங்கேசன்துறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வாக்களிப்பு ஜனவரி 8ஆம் திகதி.

காங்கேசன்துறைத் துண்டின் அருமையைத் தெல்லிப்பழை, மாவிட்டபுரம் பக்கத்து ஆட்களைத்தான் கேட்க வேண்டும். வலிகாமம் வடக்கில் அவர்களுடைய வீடு வளவுகள் 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. கால்நூற்றாண்டாக முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இருந்தவர்கள். அவர்களுடைய ஊருக்குள்ளால்தான் கோச்சி போனது. இறங்கிப் போய்த் தங்கள் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள அன்றைக்கு முடியவில்லை. ஆனால் ரிக்கற் எடுத்தால் சன்னலால் பார்க்க முடிந்தது. முருங்கை வளர்ந்து கூரைக்கு மேலே போயிருக்கிறதா, மாமரத்தில் பூ இருக்கிறதா, எல்லாம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வேகத்தில் பார்த்துக்கொள்ள முடிந்தது. கடைசி ஸ்ரேசனில் இறங்கினால் கடற்கரையில் இராணுவத்தார் நடத்துகிற தல்செவன விடுதி இருந்தது. சொந்தக் காணிக்குப் போக முடியாதவர் அறை எடுத்துத் தங்கியிருக்கலாம். வழி விட்டார்கள் என்பதை மறுக்க முடியாது, வாசலைத்தான் விடவில்லை.

அதே ஜனவரி 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில், தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல் என்று மகாராசாவே திருவாய் மலர்ந்தார். வஞ்சப்புகழ்ச்சி என்ற அணியை நாங்கள் பள்ளிக்கூடத்தில் பதவுரை பொழிப்புரையோடு படித்தவர்கள். தன்னைத்தானே வஞ்சமாகப் புகழ்ந்துகொண்ட தலைவர் ஒருவரை அன்றைக்குத்தான் கண்டோம். இந்தக் கட்டுரைக்கு என்னைவிட அவரே பொருத்தமானவர் என்று எனக்கு இப்போதும் தோன்றுவதுண்டு. ஆறு நாள் கழித்து யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் அவரை எதிர்த்து நின்றவருக்குப் புள்ளடி போட்டார்கள். வாக்குச்சாவடிக்குக் கோச்சியில் போனவர்களும் இருந்திருப்பார்கள். நன்றி இல்லாமல் இல்லை, ரிக்கற் எடுத்துத்தானே போனார்கள். மகாராசா வீட்டுக்குப் போனார். கோச்சி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதுதான் எனக்கு விளங்காத விஷயம். அவர் இல்லாமல் எப்படி ஓடுகிறது?

அந்த மார்ச்சில் நரேந்திர மோடி வந்து தலைமன்னாரில் பச்சைக் கொடி அசைத்தார். அவர் ஏறவில்லை, அசைத்ததோடு சரி. அடுத்து வருபவர் கொழும்பிலிருந்தே கணினியில் ஒரு பொத்தானை அமர்த்தினால் போதும் என்ற நிலைக்கு இந்தக் கலை வளர்ந்துகொண்டு வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் ஊருக்காக ஒரு விண்ணப்பம் வைக்காவிட்டால் கரம்பொனில் தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் இருந்தால். எங்களுக்கு முன்னால் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடல் ஒரு கூப்பிடு தூரம். பாதை என்கிற மிதவை ஓடினால் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் அக்கரை. பாதை பழுதென்றால் பண்ணை, யாழ்ப்பாணம், பொன்னாலை என்று பாதி மாவட்டத்தை வலம் வர வேண்டும். அது பழுதாகிற ஒழுங்கைப் பார்த்தால் அதற்கும் பஞ்சாங்கம் இருக்கிறது போலத் தோன்றும். குறிகட்டுவானில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சனம் வெயிலில் நின்று வள்ளம் எண்ணுகிறது. நெடுந்தீவில் நோயாளியைக் கரைக்குக் கொண்டுவருவதென்றால் முதலில் கடலைக் கேட்க வேண்டும், பிறகுதான் வைத்தியரை. இதற்கெல்லாம் ஒரே காரணம், இந்தத் துறைகளால் எந்த இராசாவும் வழக்கமாகப் போய் வருவதில்லை. நயினை அம்மனையும் நாகவிகாரையையும் கும்பிட வருகிற பெரியவர்கள் கடற்படையின் விசைப்படகில் வருவார்கள், அல்லது வானத்தால் வந்து வானத்தால் போவார்கள். அவர்களுக்குப் பாதை பழுது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

ஆகவே மகாராசாக்களே, இனி வருபவர்களே, கரம்பொனுக்குக் கோச்சியில் எழுந்தருளுங்கள். தண்டவாளம் இல்லையே என்று தயங்க வேண்டாம். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் பண்ணைக் கடலுக்கு மேலாலும் போட்டுவிடுவார்கள். மணியாச்சியில் போட்டார்கள், பளையில் போட்டார்கள், கரம்பொனுக்கு என்ன? கடனைப் பற்றி யோசிக்காதீர்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாகதாளிப் பற்றையை வெட்டிவிட்டு ஒரு மேடை, பனையோலையில் ஒரு பந்தல், மூன்று மொழியில் ஒரு பெயர்ப்பலகை. அதில் தமிழைப் பிழையாக எழுதுவதற்கு எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. தேர்தல் திகதியை மட்டும் ஒரு மாதம் முந்திச் சொன்னால் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு எடுப்பிக்க வசதியாக இருக்கும்.

இன்னொன்று. பெரியவர்கள் வரும்போது புழுதி எழும்பாமல் தெருவுக்குத் தண்ணீர் அடிக்க ஒரு பவுசர் முன்னால் வரும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர் என்பது தெரிந்ததுதானே. கோடையில் குடிதண்ணீருக்கு நாங்களும் பவுசரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பது. அந்த வாகனத்தை எழுந்தருளும் நாளுக்கு முதல் நாளே அனுப்பிவிடும்படி உத்தரவிடுங்கள். புழுதியைப் பெண்டுகள் கூட்டி அள்ளிவிடுவார்கள்.